மிதித்தும் நகராத இரண்டு நொடிகள்

அன்று ஞாயிற்றுக்கிழமை. பத்துமலைக்குப் போகலாம் என்று அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ரவாங்கில் எங்கள் தாமானிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் சந்திப்பில் சமிக்ஞை விளக்கு கிடையாது. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால், வலதிலிருந்து வரும் வாகனங்களுக்கு இடையில் ஓர் இடைவெளி பார்த்து, சட்டென்று குறுக்கே கடந்து அந்தப் பக்கம் சேர வேண்டும். பல வருடங்களாக நான் தினமும் செய்கிற காரியம்தான்.

ஒரு சிமெண்டு லாரி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு எக்ஸிலேட்டரை மிதித்தேன். கார் பாதி உடம்பைச் சாலையில் நீட்டியது. அதோடு சரி. மிதி என் காலடியில் முழுவதும் அழுந்தியிருக்கிறது; என்ஜின் மட்டும் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல் உறுமுகிறது; கார் நகரவில்லை. லாரியின் ஹாரன் காதைப் பிளந்தது. அடுத்த கணம், யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல் கார் முன்னால் பாய்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

எல்லாம் சேர்த்து இரண்டு நொடி இருக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். இரண்டு நொடியில் 44 மீட்டர். அந்த 44 மீட்டர் இடைவெளி அன்று எங்களுக்கு இருந்ததால்தான் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பத்துமலையில் அர்ச்சனை முடிந்து காரில் ஏறும்போது அம்மா சொன்னார்: "வீட்டுல இருந்து பின்னால எடுக்கும்போது ஒரு திக்கலும் இல்ல. முன்னால போறதுக்குத்தான் இது யோசிக்குது."

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் செலவழித்த 940 வெள்ளியும், அலைந்த ஆறு வாரமும் அந்தக் கவனக்குறைவுக்கான தண்டம் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

கால் மிதிப்பது காற்றை

பழுதைச் சொல்வதற்கு முன், மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம்மில் பலர் எக்ஸிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது என்று நினைத்திருக்கிறோம். 'எண்ணெய் அழுத்து' என்றுதானே நாம் பேச்சிலும் சொல்கிறோம்! உண்மையில் பெட்ரோல் காரில் நம் கால் திறந்துவிடுவது காற்றுக்கான வாசலை. அந்த வாசலுக்குப் பெயர் த்ரோட்டில் பாடி. அதற்குள் வட்டமான ஒரு தகடு இருக்கிறது. மிதிக்க மிதிக்க அது திறக்கும். காற்று உள்ளே போகும். போன காற்றின் அளவைப் பார்த்து எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை காரின் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

அந்தக் காலத்துக் கார்களில் மிதிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கம்பி இருந்தது. மிதித்தால் கம்பி இழுக்கும், தகடு திறக்கும். இன்றைய பெரும்பாலான கார்களில் கம்பி இல்லை. மிதிக்கு மேலே இரண்டு உணரிகள் இருக்கின்றன. ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் இரண்டு. நாம் எவ்வளவு மிதித்தோம் என்பதை அவை மின்னழுத்தமாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் ஒரு சிறிய மோட்டாரைச் சுழற்றித் தகட்டைத் திறக்கும். ஆகவே நாம் மிதிப்பது ஒரு விண்ணப்பம் மாதிரி. அதை ஏற்று வாசலைத் திறப்பது கம்ப்யூட்டர்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அதனால் உள்ளே வரும் காற்றைச் சரியாக அளப்பது முக்கியம். சில கார்களில் இதற்கு ஏர் ஃபில்டரை ஒட்டி ஓர் ஏர்ஃப்ளோ சென்சர் இருக்கும். மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று அதில் உண்டு. காற்று பாய்ந்தால் கம்பி குளிரும். அதைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு காற்றின் அளவு தெரிந்துவிடும். வேறு சில கார்களில் காற்றை நேரடியாக அளக்காமல், த்ரோட்டிலுக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். என் கார் முதல் வகை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு பாகம்

மறுநாளே வேலை இடத்துக்கு அருகில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். "கார் இழுக்க மாட்டேங்குது. பிளக் போயிருக்குமோ?" என்று கேட்டேன். என் முதல் தவறு அதுதான். என்ன நடந்தது என்று சொல்லாமல், எதை மாற்ற வேண்டும் என்று நானே யோசனை சொன்னேன். அவர்களும் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்றார்கள். நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். த்ரோட்டில் பாடியைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தார்கள். பார்க்கிங் கியரிலேயே வைத்து என்ஜினை இரண்டு முறை உறும வைத்தார்கள். கார் சிங்கம்போல் கர்ஜித்தது. "பாருங்க, நல்லாயிருக்கு" என்றார்கள். பில் 340 வெள்ளி.

அன்று மாலையே வீட்டு முனைச் சந்திப்பில் கார் மறுபடியும் திக்கியது.

த்ரோட்டில் பாடியைச் சுத்தம் செய்தது வீண் என்று சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் ஓடிய காரில் அந்தத் தகட்டின் விளிம்பில் கரி படிந்து, சும்மா நிற்கும்போது என்ஜின் நடுங்குவதும், லேசாக மிதித்தால் முதலில் ஒட்டிக்கொண்டு பிறகு வெடுக்கென்று திறப்பதும் உண்டு. ஆனால் அந்தக் கோளாறு முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அம்மா சொன்னது அப்போதும் என் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது பட்டறையில், "தங்கச்சி, நீங்க ரொம்ப மெதுவா மிதிக்கிறீங்க. பெண்கள் ஓட்டுற கார்ல இப்படித்தான் கரி சேரும்" என்று ஒரு விளக்கம் கிடைத்தது. எதுவும் பதில் சொல்லாமல் நின்றேன். பெட்ரோல் பம்பு பலவீனமாக இருக்கலாம் என்றார்கள். மாற்றினார்கள். 600 வெள்ளி. இரண்டு நாள் கார் நன்றாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. காசு கொடுத்த மனம் அப்படி நம்ப விரும்பும். மூன்றாம் நாள் அதே திக்கல்.

அதன்பிறகு அலுவலக நண்பர் ஒருவர், எக்ஸிலேட்டர் மிதியோடு இணைக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றிச் சொன்னார். அதை மாட்டினால் கார் 'உடனே பாயும்' என்றார். வாங்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பிறகுதான் அது என்ன செய்கிறது என்று விசாரித்தேன். நாம் 20 விழுக்காடு மிதித்தால், 35 விழுக்காடு மிதித்ததாகக் கம்ப்யூட்டரிடம் அது சொல்லும். அவ்வளவுதான். என்ஜினுக்கு ஒரு துளி சக்தியும் கூடாது. நல்ல நிலையில் உள்ள காரில் மிதி கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும், விரும்பியவர்கள் மாட்டிக்கொள்ளலாம். பழுதுள்ள காரில் அது பழுதை மூடி மறைக்கும், அல்லது இன்னும் மோசமாக்கும். காது கேளாதவரிடம் போய் உரக்கக் கத்தினால் காது சரியாகிவிடுமா?

விலை உயர்ந்த ரோன் 97 பெட்ரோலும் இரண்டு முறை நிரப்பிப் பார்த்தேன். அந்த எண் பெட்ரோல் என்ஜினுக்குள் நேரம் தவறி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனைக் குறிக்கிறது. சக்தியின் அளவை அல்ல. 95 போதும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் காரில் இத்தகைய திக்கலுக்கு அது மருந்து இல்லை.

இதற்கிடையில் வீட்டில் ஒரு மாற்றம் வந்திருந்தது. சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் மகள் பின்னாலிருந்து, "அம்மா, லாரி வருது, போகாதீங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். எவ்வளவு தூரத்தில் வந்தாலும் சொன்னாள். நானும் வலது பக்கம் திரும்புவதை விட்டு, இடது பக்கம் போய் அடுத்த யூ-டர்னில் திரும்பி வரப் பழகினேன். தினமும் கால் மணி நேரம் கூடுதல். காரைக் கண்டு பயந்துகொண்டு கார் ஓட்டுவது எவ்வளவு களைப்பான வேலை என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

நாற்காலியிலிருந்து வந்த பதில்

மூன்றாவதாகப் போனது, எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் பழைய பட்டறை. தகரக் கூரை, வாசலில் சாமி படம், ஒரே ஒரு வேலையாள். அறுபது வயதைத் தாண்டிய போர்மன். அம்மாவை மருந்தகத்திலிருந்து அழைத்து வரும் வழி என்பதால் அவரும் கூட இருந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, "உட்காருங்கக்கா" என்றார் போர்மன்.

நான் வழக்கம்போல், "அண்ணே, பிளக் மாத்தியாச்சு, பம்பு மாத்தியாச்சு, த்ரோட்டில்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாத்துனதெல்லாம் அப்புறம் பார்ப்போம். கார் என்ன பண்ணுது, அதச் சொல்லுங்க."

அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் இன்றும் நினைவிருக்கிறது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஏர்கோன் போட்டால் கூடுகிறதா? மழை நாளில் மோசமாகிறதா? நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டுமா, ஓட்டத்தில் முந்தும்போதுமா? மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள் ஏறுகிறதா, ஏறாமல் நிற்கிறதா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் காரணத்தையும் சொன்னார். முள் சர்ரென்று ஏறி, கார் மட்டும் போகவில்லை என்றால் என்ஜின் வேலை செய்கிறது, சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கியர்பாக்ஸ் பக்கம் தேட வேண்டும். முள்ளே ஏறவில்லை என்றால் குறை என்ஜினில். காற்று, பெட்ரோல், தீப்பொறி என்ற மூன்றில் ஏதோ ஒன்று வந்து சேரவில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. என் காரில் முள் ஏறவில்லை. ஏற முயன்று, தயங்கி, பிறகு தாவியது.

"ரிவர்ஸ்ல எப்படி?"

நான் யோசித்தேன். ரிவர்ஸில் யார் கவனித்துப் பார்க்கிறோம்?

நாற்காலியிலிருந்து அம்மா சொன்னார். "பின்னால நல்லாத்தான் போகுது. முன்னாலதான் யோசிக்குது. நான் அன்னிக்கே சொன்னேன்."

போர்மன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, இத யாருமே எங்கிட்ட சொல்ல மாட்டாங்க" என்றார். பிறகு என்னிடம், "பம்பு மாத்துறதுக்கு முன்னாடி பெட்ரோல் அழுத்தத்த அளந்து பார்த்தாங்களா?" என்று கேட்டார். அளக்கவில்லை. பழைய பம்பு எனக்குத் திருப்பித் தரப்படவும் இல்லை. பெட்ரோல் குறைவாக வருகிறது என்று சந்தேகப்பட்டால், அதற்கென்று உள்ள அளவுமானியைப் பொருத்திப் பார்க்க அதிக நேரம் ஆகாது என்றார்.

குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல்

அவரும் ஸ்கேனரைத்தான் பொருத்தினார். ஆனால் பழுதுக் குறியீட்டைத் தேடவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓடும் எண்களைப் பார்த்தார். அவற்றில் ஒன்று ஃபியூல் ட்ரிம். எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பதை ஆக்சிஜன் சென்சர் சொல்லும். மிச்சம் கூடுதலாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். அப்படிக் கூட்டிக் குறைக்கும் திருத்தத்தை விழுக்காட்டில் காட்டும் எண் அது. கூட்டலோ கழித்தலோ பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலைப்பட வேண்டாம். என் காரில் நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 16 என்று காட்டியது. கம்ப்யூட்டர் பல நாள்களாக என் காருக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கும் எல்லையை அது தாண்டவில்லை. அதனால்தான் விளக்கும் இல்லை, குறியீடும் இல்லை.

அடுத்து அவர் செய்த சோதனைதான் முக்கியம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். கைப்பிரேக்கை இழுத்தார். முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். தன் வேலையாளைக் காரில் உட்கார வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே கியரை 'ஆர்' இல் போட்டு லேசாக எக்ஸிலேட்டரைத் தொடச் சொன்னார். என்ஜின் முன்பக்கம் சாய்ந்தது. திரையில் உடனடித் திருத்த எண் கிட்டத்தட்ட அசையவில்லை. இப்போது 'டி'. என்ஜின் பின்பக்கம், கண்ணாடி இருக்கும் பக்கமாக, நன்றாகவே சாய்ந்தது. எண் சட்டென்று இருபதைத் தாண்டியது. என்ஜின் அதே பழைய குரலில் திக்கியது. முதல் முறையாக அந்தத் திக்கலைப் பட்டறைக்குள் கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இது பழகிய கைகள் சில நொடிகளுக்குள் செய்து முடிக்கும் சோதனை. தயவுசெய்து வீட்டு வாசலில் யாரும் முயன்று பார்க்காதீர்கள். பிரேக் நழுவினால் கார் பாய்ந்துவிடும். அதிக நேரம் செய்தால் கியர்பாக்ஸ் சூடேறிக் கெடும்.

என்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ரோட்டிலுக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாயைக் கழற்றினார். ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. மேலே பார்த்தால் புத்தம் புதிது போல். அதைத் திருப்பிக் காட்டி, இரண்டு கையாலும் இழுத்தார். அடிப்பக்கத்தில், மடிப்பின் பள்ளத்தில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் வாயைத் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது.

"இதுதான் தங்கச்சி உங்க ரெண்டு நொடி."

நடந்தது இதுதான். ஏர் ஃபில்டர் பெட்டி காரின் உடம்போடு இறுக்கப்பட்டிருக்கிறது. த்ரோட்டில் பாடி என்ஜினோடு இருக்கிறது. இரண்டையும் இணைப்பது இந்த ரப்பர் குழாய். முன்னால் போக மிதிக்கும்போது என்ஜின் பின்னால் சாய்கிறது, குழாய் இழுபடுகிறது, கீறல் திறக்கிறது. ஏர்ஃப்ளோ சென்சர் குழாயின் தொடக்கத்திலேயே இருப்பதால், அதைத் தாண்டி கீறல் வழியாக நுழையும் காற்று கணக்கில் வருவதில்லை. கணக்கில் வந்த காற்றுக்கு மட்டுமே பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, சரியாக எரியவில்லை, என்ஜின் திக்குகிறது. கம்ப்யூட்டர் குறையைக் கண்டு பெட்ரோலைக் கூட்டிய பிறகு கார் பாய்கிறது. ரிவர்ஸில் என்ஜின் எதிர்ப்பக்கம் சாய்வதால் கீறல் மூடியே இருக்கிறது. பார்க்கிங்கில் உறும வைத்தால் சக்கரத்துக்குச் சக்தி போகாததால் என்ஜின் அந்த அளவுக்குச் சாய்வதே இல்லை. முதல் பட்டறையில் கார் சிங்கமாகக் கர்ஜித்ததன் ரகசியம் அதுதான்.

"குழாய மட்டும் மாத்துனா போதுமாண்ணே?"

"போதாது. குழாய் ஏன் கிழிஞ்சது?"

என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் ஒன்றில் ரப்பர் பிய்ந்துபோயிருந்தது. அதனால்தான் என்ஜின் அளவுக்கு மீறி ஆடியது. ஆடி ஆடிக் குழாயைக் கிழித்தது. குழாயை மட்டும் மாற்றியிருந்தால், புதுக் குழாயும் கொஞ்ச காலத்தில் அதே இடத்தில் கிழிந்திருக்கும். குழாய் 85 வெள்ளி, மவுண்டிங் 190, கூலி 60. மொத்தம் 335 வெள்ளி. கழற்றிய இரண்டையும் பழைய நாளிதழில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

உங்கள் காருக்கும் இப்படி நேர்ந்தால்

மிதித்தால் தாமதமாகும் கார்கள் எல்லாவற்றிலும் குழாய்தான் கிழிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. காற்றை அழுத்தத்தால் கணக்கிடும் கார்களில் அந்த இடத்துக் கீறல் இவ்வளவு தொல்லை தராது. ஆனால் பழுதுக்கு ஒரு 'எப்போது' இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. போர்மனிடம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில், அது பழுதுதானா என்று பாருங்கள். சிக்கனத்துக்கான ஈக்கோ பொத்தான் அழுத்தியிருந்தால் மிதி சோம்பலாகத்தான் இருக்கும். டர்போ என்ஜின்களில் டர்போ சுழன்று வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். சி.வி.டி. கியர்பாக்ஸும் சற்று நிதானமாகவே பதில் சொல்லும். கார் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் என்றால் அது அதன் சுபாவம். முன்பு இல்லாதது இப்போது வந்திருந்தால்தான் பழுது. தடித்த கால்மிதி விரிப்பு எக்ஸிலேட்டருக்கு அடியில் சுருண்டு, மிதியை முழுவதும் இறங்கவிடாமல் தடுப்பதும் உண்டு. காசு செலவில்லாத சோதனை. முதலில் அதைப் பாருங்கள்.

குளிர்ந்த என்ஜினில் மட்டும் திக்கினால் வெப்பநிலை உணரி, உள்ளே படிந்த கரி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மழையில் அல்லது கார் கழுவிய பிறகு மோசமானால் பிளக்கும் கோயிலும். கிளம்பும்போது சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால் பெட்ரோல் போதாமல் இருக்கலாம், அல்லது புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். எந்தக் கியரிலும் எந்த வேளையிலும் மிதியின் தொடக்கத்தில் மட்டும் தாமதித்தால் த்ரோட்டில் பாடியும் மிதி உணரியும். முன்னால் மட்டும் திக்கினால் குழாயைத் திருப்பிப் பாருங்கள்.

சொந்தமாகச் சுத்தம் செய்யும் ஆர்வம் உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஏர்ஃப்ளோ சென்சரின் கம்பி மிகவும் மெல்லியது. அதற்கென்று விற்கும் தெளிப்பானைத் தவிர வேறெதையும் அடிக்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். மின்னணு த்ரோட்டில் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பற்சக்கரம் பழுதாகலாம். சாவி போட்டிருந்தால் விரலும் சிக்கலாம். சுத்தம் செய்தபின் சில கார்களில் சும்மா நிற்கும் வேகத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பட்டறைக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். எப்போது, எங்கே, எப்படி நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போர்மனை உங்கள் அருகில் உட்கார வைத்து, திக்கும் இடத்துக்கே ஓட்டிக் காட்டுங்கள். ஒரு பாகத்தை மாற்றலாம் என்று அவர் சொன்னால், "எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல போர்மன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதிலும் தயக்கம் வேண்டாம்.

பழுது சரியாகும் வரை, அவசரமாகக் குறுக்கே கடக்க வேண்டிய திருப்பங்களையும் முந்துவதையும் தவிருங்கள். கால் மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை.

அடுத்த ஞாயிறு

கார் கைக்கு வந்த பிறகும் இரண்டு நாள் நான் இடது பக்கமே போய்க்கொண்டிருந்தேன். கார் சரியாகிவிட்டது, என் கால் இன்னும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்தச் சந்திப்பில் வலது பக்கச் சமிக்ஞை போட்டேன். பின்னால் மகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். சாலை முழுவதும் காலியாகும் வரை காத்திருந்தேன். மிதித்தேன். கார் போனது. அவ்வளவுதான், சாதாரணமாகப் போனது.

இப்போது காரில் ஏதாவது சத்தம் கேட்டால் முதலில் பட்டறைக்குப் போவதில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்து, "ம்மா, இது எப்பயிருந்து கேட்குது?" என்கிறேன்.

போன வாரம் அவர் சொன்னார்: "பிரேக் பிடிக்கும்போது மட்டும்தான். அதுவும் காலையில மட்டும்."

எழுதி வைத்திருக்கிறேன்.